மெனு மாறிய ஆய்வகம்: டிஜிட்டல் லாஜிக் கற்பித்தலும் மென்பொருள் மேம்பாடுகளும்

எங்கள் துறையின் டிஜிட்டல் ஆய்வகத்தில் ஓர் இரும்பு பீரோ இருக்கிறது. அதன் கீழ்த்தட்டில், பிளாஸ்டிக் டப்பாவில், 7408 ஐ.சி.க்கள் கிடக்கின்றன. அவற்றை எடுத்து ட்ரெயினர் கிட்டில் செருகும் மாணவர்களைவிடச் சில ஐ.சி.க்களுக்கு வயது அதிகம். 14ஆவது காலுக்கு 5 வோல்ட், 7ஆவது காலுக்கு கிரவுண்ட், 1லும் 2லும் உள்ளீடு, 3இல் வெளியீடு. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 1960களில் சந்தைக்குக் கொண்டுவந்த 7400 வரிசையைச் சேர்ந்தவை இவை. நான் படித்தபோது எழுதிய அப்சர்வேஷன் நோட்டை இன்றைய மாணவன் கையில் கொடுத்தால் போதும், அதைப் பார்த்தே ஹாஃப் ஆடரை இணைத்து, எல்.இ.டி. எரிவதைக் காட்டிவிடுவான்.

அடுத்த அறையில் கணினிகள். அங்கே கதை வேறு. ஒரு ஜூலை மாதம், செமஸ்டரின் முதல் ஆய்வக வகுப்பு. விடுமுறையில் எல்லாக் கணினிகளிலும் டிசைன் மென்பொருளின் புதிய பதிப்பை ஏற்றியிருந்தார்கள். எனக்கு அது தெரியாது. முப்பது பேர் கொண்ட பேட்ச். மேனுவலின் நான்காம் பக்கம் சொல்லும் மெனு திரையில் இல்லை. முதல் வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கி, "சார், இதுல அந்த ஆப்ஷனே காணோம்" என்றாள். அடுத்த பத்து நிமிடத்தில் முப்பது கைகளும் உயர்ந்தன. மூன்று மணி நேர வகுப்பில் முதல் ஒன்றரை மணி நேரம் பட்டன் தேடுவதில் போயிற்று. அன்று எடுக்க வேண்டிய பாடம் மல்டிபிளெக்சர். கடைசிவரை அந்தச் சொல்லை நான் இரண்டு முறைக்கு மேல் உச்சரிக்கவில்லை.

டிஜிட்டல் லாஜிக் கற்பிக்கும் எவரும் இதுபோன்ற ஒரு காலையைக் கடந்து வந்திருப்பார்கள். மென்பொருள் மாறும்போது பாடத்தை எப்படிக் காப்பாற்றுவது என்ற கேள்விக்கு ஆசிரியர்கள் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு விடைகளைக் கண்டிருக்கிறார்கள். பழைய பதிப்பைப் பூட்டி வைத்தவர்கள் உண்டு. புதியதன் பின்னால் ஓடியவர்கள் உண்டு. பெருநிறுவன மென்பொருளே வேண்டாம் என்று ஒதுங்கியவர்களும் உண்டு. ஒவ்வொரு வழியும் எந்த இடம்வரை கொண்டுபோய் விடும் என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

பாடத்துக்குள் மென்பொருள் வந்த வழி

1985இல் சைலிங்க்ஸ் நிறுவனம் எக்ஸ்சி2064 என்ற சிப்பை வெளியிட்டது. உள்ளே 64 லாஜிக் பிளாக்குகள். எஃப்பிஜிஏ என்று இன்று நாம் அழைக்கும் வகையின் முதல் வணிகச் சிப் அது. 1983இல் தொடங்கிய ஆல்டெரா அதற்குப் போட்டி நிறுவனம். ஒரே சிப்பை இன்று ஆடராகவும் நாளை கவுண்டராகவும் மாற்றிக்கொள்ளலாம் என்ற வசதி வகுப்பறைக்கென்றே பிறந்ததுபோல் இருந்தது. ஆனால் அந்தச் சிப்பை இணைக்க வயர் போதாது. அதன் நிறுவனம் தரும் மென்பொருள் வேண்டும்.

பாடநூல்களும் இந்தப் பக்கம் திரும்பின. மோரிஸ் மானோவின் 'டிஜிட்டல் டிசைன்' நம் ஊர்க் கல்லூரிகளில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கும் நூல். அது தன் 3ஆம் பதிப்பில் வெரிலாக் என்ற ஹார்டுவேர் விவரிப்பு மொழியை உள்ளே சேர்த்தது. டொரன்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் பிரவுனும் ஸ்வோன்கோ விரானெசிக்கும் எழுதிய நூல் ஆல்டெராவின் மென்பொருளைக் குறுந்தகட்டிலேயே வைத்துத் தந்தது. முதலில் மேக்ஸ்பிளஸ்-2, பிறகு குவார்ட்டஸ்-2. எந்த மெனுவைத் தொட்டு என்ன செய்ய வேண்டும் என்பதைப் பின்னிணைப்பில் படத்தோடு விளக்கினார்கள். அது உண்மையான உதவி. அதே சமயம், நூலின் ஒரு பகுதிக்கு மென்பொருளின் ஆயுளே ஆயுள் என்ற நிலையும் அப்போதுதான் வந்தது. கார்னா மேப் பற்றிய அத்தியாயம் இன்றும் அப்படியே செல்லும். பின்னிணைப்பு செல்லாது.

இதில் எவரையும் குறை சொல்ல இடமில்லை. எஃப்பிஜிஏ நிறுவனங்களின் வாடிக்கையாளர்கள் தொலைத்தொடர்புக் கருவியும் ராடாரும் தரவு மையமும் கட்டுகிறவர்கள். அவர்களுக்காகத்தான் மென்பொருள் மாறுகிறது. இலவசப் பதிப்பில் ஃபுல் ஆடர் வரையும் இரண்டாம் ஆண்டு மாணவர் அந்த வீட்டுக்கு வந்த விருந்தாளி. வீட்டுக்காரர் சுவரை இடித்துக் கட்டும்போது விருந்தாளியிடம் கேட்கமாட்டார். இதைப் புரிந்துகொண்டால் கோபம் தணியும், அடுத்து ஆக வேண்டிய வேலையும் கண்ணுக்குத் தெரியும்.

அலை வடிவத்தை வரைந்த காலம்

கற்பித்தலை மிக ஆழமாகத் தொட்ட மாற்றம் எது என்று கேட்டால், என் பதில் சிமுலேட்டர்தான். குவார்ட்டஸ்-2இன் 9.1 பதிப்புவரை அதற்குள்ளேயே ஒரு சிமுலேட்டர் இருந்தது. மாணவர் திரையில் ஏ, பி என்று இரண்டு கோடுகளைப் போடுவார். மவுஸால் இழுத்து ஏ-க்கு 0011, பி-க்கு 0101 என்று அலை வடிவத்தை வரைவார். பட்டனை அழுத்தினால் வெளியீட்டுக் கோடு கீழே வரும். ஆண்ட் கேட் என்றால் கடைசிக் காலத்துண்டில் மட்டும் உயரும். ட்ரூத் டேபிளைப் பக்கவாட்டில் படுக்க வைத்தால் அதுவே அலை வடிவம் என்று கண்டுபிடிக்கும்போது மாணவர்கள் முகத்தில் தெரியும் வெளிச்சத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

2010இல் வந்த 10.0 பதிப்பில் அந்தச் சிமுலேட்டர் இல்லை. மாடல்சிம் என்ற தனிச் சிமுலேட்டரைப் பயன்படுத்திக்கொள்ளச் சொன்னார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் சைலிங்க்ஸின் மென்பொருளான ஐஎஸ்இயின் 11ஆம் பதிப்பிலும், அலை வடிவத்தை வரைந்து டெஸ்ட் பெஞ்ச் (சர்க்யூட்டுக்கு உள்ளீடு கொடுத்துச் சோதிக்கும் நிரல்) உண்டாக்கும் எடிட்டர் நீக்கப்பட்டிருந்தது. இரண்டு பெரிய நிறுவனங்களும் ஓரிரு ஆண்டு இடைவெளியில் ஒரே முடிவுக்கு வந்தன. தொழிலில் எவரும் கையால் அலை வரைந்து சோதிப்பதில்லை, டெஸ்ட் பெஞ்ச்தான் எழுதுகிறார்கள், ஆகவே அந்தக் கருவியைப் பராமரிப்பது வீண்செலவு. அவர்கள் பக்கத்தில் அது சரியான கணக்கு.

வகுப்பறையில் அதன் விளைவு வேறு. டெஸ்ட் பெஞ்ச் எழுத வேண்டுமென்றால், அதே வெரிலாக் மொழியில் ஹார்டுவேராக மாறாத ஒரு பகுதியைக் கற்க வேண்டும். மாட்யூலுக்குள் மாட்யூலை அழைக்க வேண்டும், இனிஷியல் பிளாக் எழுத வேண்டும், 10 நொடித்துண்டு பொறு என்று சொல்ல வேண்டும். எழுதும் ஒவ்வொரு வரியும் ஒரு கம்பி, ஒரு கேட் என்று போன வாரம்தான் மாணவரிடம் அழுத்திச் சொல்லியிருப்போம். இந்த வாரம், இந்த வரிகளுக்கு மட்டும் கம்பியும் கிடையாது கேட்டும் கிடையாது என்கிறோம். வைவாவில் இந்தக் குழப்பம் அப்படியே வெளிவரும். "இந்த டிலே சிப்புக்குள் எங்கே இருக்கிறது?" என்று கேட்டால் பாதிப் பேர் ஒரு கெபாசிட்டரைச் சொல்வார்கள். தவறு அவர்களுடையதன்று. இரண்டு வேறு பாடங்களை ஒரே வாரத்தில் புகட்டியிருக்கிறோம்.

ஆல்டெராவின் பல்கலைக்கழகத் திட்டத்தில் இருந்தவர்கள் இந்த இழப்பை உணர்ந்திருக்க வேண்டும். க்யூசிம் என்ற எளிய கருவியை அவர்கள் தனியாகத் தந்தார்கள். பிற்காலப் பதிப்புகளில் பல்கலைக்கழகத் திட்டத்தின் பெயரிலேயே அலை வடிவ எடிட்டர் குவார்ட்டஸுக்குள் திரும்ப வந்தது. அடியில் ஓடுவது மாடல்சிம், மேலே மாணவர் காண்பது பழைய திரை. கல்விக்கென்று ஒருவர் உட்கார்ந்து யோசித்தால் இப்படி ஒரு பாலம் போட முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இந்த மாற்றம் முழுக்க நட்டம் என்றும் சொல்லமாட்டேன். தன் சர்க்யூட் சரியா என்று கண்ணால் பார்த்துச் சொல்கிறவருக்கும், எட்டு உள்ளீட்டுக்கு 256 நிலைகளையும் லூப் போட்டுச் சோதித்து, தவறினால் எங்கே தவறியது என்று அச்சிடச் செய்கிறவருக்கும் நிறைய தூரம். இரண்டாமவரைத்தான் வேலைக்கு எடுப்பார்கள். நான் இப்போது செய்வது இது: முதல் மூன்று வாரம் டெஸ்ட் பெஞ்சை நானே எழுதித் தருகிறேன், மாணவர் தொடக்கூடாது. நான்காம் வாரம் அதில் ஒரு வரியை மாற்றச் சொல்கிறேன். ஆறாம் வாரம் காலிக் கோப்பு கொடுக்கிறேன். மென்பொருள் ஒரே நாளில் செய்த மாற்றத்தை வகுப்பறையில் ஆறு வாரத்துக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

போர்டு பழையது, மென்பொருள் புதியது

சைலிங்க்ஸ் 2012இல் விவாடோ என்ற புதிய மென்பொருளை அறிமுகப்படுத்தியது. பழைய ஐஎஸ்இயின் கடைசிப் பதிப்பு 14.7, 2013 அக்டோபரில் வந்தது. விவாடோ 7-சீரிஸ் சிப்புகளிலிருந்துதான் தொடங்குகிறது. ஸ்பார்ட்டன்-3இயும் ஸ்பார்ட்டன்-6உம் அதற்குள் கிடையாது. பேசிஸ்-2, நெக்சிஸ்-2 போன்ற டிஜிலென்ட் போர்டுகளை வாங்கி வைத்திருந்த கல்லூரிகளுக்கு இதன் பொருள் என்ன? போர்டு நன்றாக ஓடுகிறது, சுவிட்ச் தேயவில்லை, எல்.இ.டி. அணையவில்லை. ஆனால் அதோடு பேசத் தெரிந்த மென்பொருளுக்கு வளர்ச்சி நின்றுவிட்டது. ஆல்டெரா பக்கமும் இதே நிலைதான். டெராசிக்கின் டிஇ1, டிஇ2 போர்டுகளில் இருந்த சைக்ளோன்-2 சிப்பை ஏற்ற கடைசிப் பதிப்பு குவார்ட்டஸ்-2 13.0 எஸ்பி1. கல்லூரி நிதியில் போர்டு வாங்குவது பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் காரியம். மென்பொருளோ வருடத்துக்கு இரண்டு முறை வருகிறது.

ஐஎஸ்இ 14.7ஐ விண்டோஸ் 8, 10இல் ஏற்றியவர்களுக்கு ஒரு விஷயம் நினைவிருக்கும். 64-பிட் பதிப்பில் கோப்பைத் திறக்கும் சாளரத்தைத் தொட்டதும் மென்பொருள் மூடிக்கொள்ளும். லிப்போர்ட்டபிலிட்டி என்ற டிஎல்எல் கோப்பின் பெயரை மாற்றி, பக்கத்திலேயே இருக்கும் 'நோஎஸ்எச்' என்று முடியும் கோப்பை அதன் பெயரில் நகலெடுத்து வைத்தால் சரியாகும். இந்த வைத்தியம் ஆய்வக உதவியாளர்கள் வாய்வழியாகவே ஒரு கல்லூரியிலிருந்து இன்னொரு கல்லூரிக்குப் போயிற்று. பிறகு நிறுவனமே விண்டோஸ் 10க்கென்று ஐஎஸ்இயை ஒரு விர்ச்சுவல் மெஷினுக்குள் வைத்துத் தந்தது. ஆனால் அது ஸ்பார்ட்டன்-6க்கு மட்டும். ஸ்பார்ட்டன்-3இ வைத்திருந்தவர்கள் டிஎல்எல் வைத்தியத்தோடே காலம் தள்ளினார்கள்.

விவாடோவுக்கு மாறியவர்கள் இழந்தவற்றில் பெரியது ஸ்கீமாட்டிக் எடிட்டர். ஐஎஸ்இயில் கேட் படங்களை வரைந்து கம்பியால் இணைத்து அப்படியே சிப்புக்குள் இறக்கலாம். விவாடோவில் அப்படி வரைய முடியாது. அதிலுள்ள பிளாக் டிசைன் ஆயத்தமாகக் கிடைக்கும் பெரிய பிளாக்குகளை (ஐபிகளை) இணைப்பதற்கானது, ஹாஃப் ஆடருக்கானதன்று. பழைய ஸ்கீமாட்டிக் கோப்புகளும் அப்படியே திறக்காது. ஐஎஸ்இ அவற்றிலிருந்து உண்டாக்கிவைத்த வெரிலாக் அல்லது விஎச்டிஎல் கோப்பைத் தேடி எடுத்துப் பயன்படுத்த வேண்டும். படமாகப் பார்த்துப் பழகிவிட்டு மொழிக்குப் போகும் ஏணியில் ஒரு படி உடைந்தது.

பின் ஒதுக்கீட்டுக் கோப்பும் மாறியது. பேசிஸ்-2இல் முதல் சுவிட்சை பி11 என்ற காலோடு இணைக்க யுசிஎஃப் கோப்பில் ஒரு சின்ன வரி போதும்: பெயர், இடம், சமக்குறி, கால் எண். பேசிஸ்-3இல் அதே சுவிட்ச் வி17. அதற்கு எக்ஸ்டிசி கோப்பில் டிசிஎல் கட்டளையாக எழுத வேண்டும், சதுர அடைப்புக்குள் அடைப்பு வரும். கால் எண்ணைச் சொன்னால் மட்டும் போதாது, அந்தக் காலின் வோல்டேஜ் தரத்தையும் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால், சிந்தெசிஸ் முடியும், பிளேஸ்மென்ட் முடியும், கடைசியில் பிட் ஃபைல் உண்டாக்கும் இடத்தில் விவாடோ நின்றுவிடும். சிவப்பு எழுத்தில் என்எஸ்டிடி-1, யுசிஐஓ-1 என்று இரண்டு பிழைகள் வரும்.

இந்த இரண்டு பிழைகளையும் முதலில் வெறுத்தேன், இன்று அவற்றுக்கு நன்றி சொல்கிறேன். பழைய கருவி, ஒரு போர்ட்டுக்குக் கால் ஒதுக்க மறந்துவிட்டால், தானாக எங்கேயோ ஒரு காலைக் கொடுத்துவிட்டுப் போகும். மாணவர் அரை மணி நேரம் எல்.இ.டி.யை வெறித்துக்கொண்டிருப்பார். புதியது, "இந்தக் கால் எங்கே போகிறது என்று நீ சொல்லவில்லை" என்று முகத்துக்கு நேரே சொல்கிறது. 3.3 வோல்ட்டா 1.8 வோல்ட்டா என்று கேட்கிறது. ட்ரெயினர் கிட்டில் எல்லாம் 5 வோல்ட் என்று பழகிய மாணவருக்கு அந்தக் கேள்வியே ஒரு பாடம். புஷ் பட்டனைக் கிளாக்காக எடுத்துக் கவுண்டர் செய்யும்போதும் அப்படித்தான். அந்தக் கால் கிளாக்குக்கான தனிப்பாதையில் இல்லை என்று விவாடோ மறுக்கும். கட்டுப்பாட்டுக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் விட்டுவிடும். அந்த வரியை மேனுவலில் விளக்கமில்லாமல் எழுதிக் கொடுப்பது எளிது. அப்படிக் கொடுத்தால் ஒரு நல்ல பாடம் கையைவிட்டுப் போகும். சிப்புக்குள் கிளாக்குக்கென்று ஏன் தனி ராஜபாட்டை இருக்கிறது, அதில் போகாத கிளாக் ஒவ்வொரு ஃபிளிப்-ஃபிளாப்புக்கும் ஏன் வெவ்வேறு நேரத்தில் போய்ச் சேரும், பட்டனின் துள்ளல் ஏன் கவுண்டரை ஒன்றுக்குப் பதில் ஐந்து எண்ண வைக்கிறது என்று பேச இதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

ஆகவே ஒரு மேம்பாட்டை எடைபோடும்போது நான் ஒரு கேள்வி கேட்கிறேன். புதிதாக வந்த தொல்லை ஹார்டுவேரைப் பற்றிய உண்மையா, மென்பொருளைப் பற்றிய தகவலா? முதலாவது என்றால் அதைப் பாடமாக்கலாம். இரண்டாவது என்றால் மாணவர் கண்ணில் படாமல் மறைத்துவிட வேண்டும்.

பூட்டி வைப்பதன் எல்லை

பல கல்லூரிகள் எடுத்த முடிவு, பழையதைப் பூட்டி வைப்பது. இணைய இணைப்பைத் துண்டித்து, விண்டோஸ் 7 கணினிகளை அப்படியே வைத்துக்கொள்வது, அல்லது விர்ச்சுவல் மெஷினாக ஒரு நகல் எடுத்து எல்லாக் கணினியிலும் அதையே போடுவது. நகல் வழி நல்லது, குறிப்பாகப் பழைய போர்டுகளுக்கு. ஒரே படிமம், ஒரே திரை, எந்தக் கணினி பழுதானாலும் அரை மணி நேரத்தில் மாற்றிவிடலாம். செமஸ்டர் நடுவே எதுவும் மாறாது என்ற நிம்மதிக்கு விலையே இல்லை.

ஆனால் காலம் அங்கேயும் உள்ளே வரும். விண்டோஸ் 7க்கான பராமரிப்பு 2020 ஜனவரி 14இல் முடிந்தது, விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14இல். மாணவரின் சொந்த மடிக்கணினியில் இருப்பது விண்டோஸ் 11. சிலரிடம் மேக். மேக்குக்கு விவாடோவும் கிடையாது, குவார்ட்டஸும் கிடையாது. விடுதி அறையில் பயிற்சி செய்ய முடியாத ஒரு கருவியை வாரத்துக்கு மூன்று மணி நேரம் மட்டும் ஆய்வகத்தில் தொட்டுப் பார்ப்பவர் எப்படிக் கை தேறுவார்? உரிமச் சிக்கலும் உண்டு. குவார்ட்டஸ் பிரைம் 21.1இலிருந்து மாடல்சிம்மின் இடத்தில் குவெஸ்டா வந்தது. இலவசப் பதிப்புக்கும் உரிமக் கோப்பு வாங்கி, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கோப்பு காலாவதியாகும் நாள் செய்முறைத் தேர்வு நாளாக இருந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

மாற்றாமல் வைத்திருந்தாலும் உடையும் என்பதற்கு 2022 ஜனவரி 1 ஓர் எடுத்துக்காட்டு. சைலிங்க்ஸின் விவாடோ எச்எல்எஸ், விட்டிஸ் எச்எல்எஸ் கருவிகளில், 2014 முதல் 2021 வரை வந்த பதிப்புகளில், ஐபி ஏற்றுமதி அன்று காலை நின்றுபோனது. காரணம், பதிப்பு எண்ணை ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம் என்று வரிசையாக ஒட்டி ஒரே எண்ணாக எழுதி, குறியுள்ள 32-பிட் எண்ணாக வைத்திருந்தார்கள். 2021 டிசம்பர் 31 இரவு 11.59க்கு அந்த எண் 2112312359. 32 பிட்டில் கொள்ளக்கூடிய உச்சம் 2147483647. புத்தாண்டு பிறந்ததும் எண் 2201010000. கொள்ளவில்லை. நிறுவனம் திருத்தம் வெளியிட்டது. எச்எல்எஸ் நம் இரண்டாம் ஆண்டுப் பாடத்தில் இல்லை. ஆனால் டூஸ் காம்ப்ளிமென்ட் முதல் யூனிட்டிலேயே இருக்கிறது. இந்த மூன்று எண்களையும் கரும்பலகையில் எழுதி, 32ஆவது பிட் என்ன ஆயிற்று என்று மாணவரையே கண்டுபிடிக்கச் செய்கிறேன். ஓவர்ஃபுளோ என்பது தேர்வில் வரும் இரண்டு மதிப்பெண் கேள்வி என்ற எண்ணம் அன்றோடு போய்விடுகிறது.

ஒதுங்கியவர்களின் வழி

பெருநிறுவன மென்பொருளே வேண்டாம், கல்விக்கென்று செய்த சிறிய கருவிகள் போதும் என்போர் அதிகம். கார்ல் பர்ச் என்ற அமெரிக்கப் பேராசிரியர் எழுதிய லாஜிசிம் இதில் முதன்மையானது. ஒரே ஜாவா கோப்பு, நிறுவவே வேண்டாம். கேட்டை இழுத்து வைத்து, உள்ளீட்டைத் தட்டினால் கம்பியின் நிறம் மாறும். கற்பித்தலுக்கு அதைவிட இனிய கருவியை நான் பார்க்கவில்லை. 2.7.1 பதிப்பு 2011இல் வந்தது. 2014இல் அவர் வேலையை நிறுத்திக்கொண்டார். மூலநிரல் திறந்திருந்ததால் சுவிட்சர்லாந்துக் கல்லூரி ஆசிரியர்கள் அதை லாஜிசிம் எவல்யூஷன் என்று வளர்த்தெடுத்தார்கள். ஜெர்மனியின் மோஸ்பாக்கில் ஹெல்முட் நீமான் 'டிஜிட்டல்' என்ற பெயரில் புதிதாக ஒன்றையே எழுதினார். பழைய கோப்பு புதியதில் எப்போதும் அச்சு அசலாக ஓடும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் கருவி சாகவில்லை.

உலாவிக்குள் ஓடிய கருவிகளுக்கு அந்தப் பேறு கிட்டவில்லை. ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தின் ஹேடிஸ் ஜாவா ஆப்லெட்டாக எத்தனையோ அழகான லாஜிக் விளக்கங்களை வைத்திருந்தது. குரோம் உலாவி 2015இல் அந்த வகைச் செருகிகளை நிறுத்தியது. ஃபிளாஷில் செய்த ஆய்வகங்கள் 2020 டிசம்பரோடு போயின. இலவசம் என்பதாலோ எளிது என்பதாலோ ஒரு கருவி நிலைத்துவிடாது. அடியில் எதன் மேல் நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

கட்டற்ற கருவிகளில் இன்று என் மாணவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது இகாரஸ் வெரிலாக் என்ற சிமுலேட்டரும், அலை வடிவத்தைக் காட்டும் ஜிடிகே வேவும். ஐஎஸ்இ 14.7ஐ இறக்க ஏறக்குறைய 6 ஜிபி வேண்டும். விவாடோ அதைப்போல் பல மடங்கு. இகாரஸ் சில பத்து எம்பியில் முடிந்துவிடுகிறது. கிராமத்து வீட்டில் மொபைல் டேட்டாவை வைத்துப் படிக்கும் மாணவருக்கு இந்த வேறுபாடு பெரியது. இரண்டு கட்டளைகளில் சிமுலேஷன் ஓடும், எந்த மெனுவும் இல்லை, ஆகவே மெனு மாறுவதும் இல்லை. சிப்புக்குள் இறக்கும் வழியும் திறந்துவிட்டது. லேட்டிஸ் நிறுவனத்தின் ஐஸ்40 சிப்புகளுக்கு 2015இல் ஐஸ்ஸ்டார்ம் திட்டம் வந்தது, யோசிஸ் என்ற சிந்தெசிஸ் கருவியோடு சேர்ந்து முழுப் பாதையும் கட்டற்றதாயிற்று. அங்கும் மாற்றம் உண்டு. பிளேஸ்மென்ட்டுக்கு முதலில் இருந்த அராக்னே-பிஎன்ஆர் போய் நெக்ஸ்ட்பிஎன்ஆர் வந்தது. ஆனால் மேக்ஃபைலில் ஓரிரு வரியை ஆசிரியர் மாற்றினால் முடிந்தது, மாணவருக்குத் தெரியவே வேண்டியதில்லை. குறையும் சொல்ல வேண்டும். நேர்காணலில் விவாடோ தெரியுமா என்று கேட்பார்கள். பிளேஸ்மென்ட் படத்தைத் திரையில் விரித்துக் காட்டும் வசதி பெரிய கருவிகளில்தான் முழுமை. அதனால் இரண்டாவது படியாகப் பெருநிறுவனக் கருவி வேண்டும், முதல் படியாக வேண்டாம் என்பது என் முடிவு.

எது தாங்குகிறது

இத்தனை மாற்றத்திலும் தாங்கி நின்றது எது என்று பார்த்தால் விடை எளிது: எழுத்துக் கோப்பு. வெரிலாக் 1995இல் ஐஇஇஇ 1364 தரமாயிற்று, 2001இல் திருந்தியது. அந்த 2001 நடையில் எழுதிய கவுண்டரை ஐஎஸ்இயும் ஏற்றது, குவார்ட்டஸும் ஏற்றது, விவாடோவும் இகாரஸும் யோசிஸும் இன்றும் ஏற்கின்றன. செத்தவை எல்லாம் புராஜெக்ட் கோப்பு, ஸ்கீமாட்டிக் கோப்பு, வரைந்து வைத்த அலை வடிவக் கோப்பு.

இதைக் கண்டபின் எங்கள் ஆய்வகத்தில் பழக்கத்தை மாற்றினோம். ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒரு ஃபோல்டர். உள்ளே டிசைன், டெஸ்ட் பெஞ்ச், பின் ஒதுக்கீடு என்று மூன்று எழுத்துக் கோப்புகள், புராஜெக்டைப் புதிதாகக் கட்டித் தரும் ஒரு டிசிஎல் ஸ்கிரிப்ட். புராஜெக்ட் கோப்பைச் சேமிப்பதே இல்லை, வேண்டும்போது ஸ்கிரிப்டை ஓட்டிக்கொள்கிறோம். லேப் மேனுவலை இரண்டாகப் பிரித்தோம். பரிசோதனைப் புத்தகத்தில் நோக்கம், ட்ரூத் டேபிள், சர்க்யூட், எதிர்பார்க்கும் அலை வடிவம், வைவா கேள்விகள் மட்டும் இருக்கும். ஒரு மெனுப் பெயரும் கிடையாது. எந்தப் பட்டன் எங்கே என்பது நான்கு பக்கத் தாள், லேமினேட் செய்து ஒவ்வொரு மேஜையிலும் ஒட்டியிருக்கிறோம். பதிப்பு மாறினால் அந்த நான்கு பக்கத்தை மட்டும் மாற்றுகிறோம்.

பதிப்பை மாற்றும் நாளையும் நாங்களே குறிக்கிறோம். மே மாதம் மட்டும். ஆய்வக உதவியாளரும், அந்தப் பாடத்தை முடித்த இரண்டு மாணவர்களும் சேர்ந்து பத்துப் பரிசோதனையையும் உண்மையான போர்டில் ஓட்டிப் பார்க்கிறார்கள். ஒன்று ஓடவில்லை என்றாலும் அந்த ஆண்டு பழைய பதிப்புதான். ஜூன் முதல் தேதிக்குப் பிறகு தேர்வு முடியும்வரை எவரும் தொடக்கூடாது, தானியங்கிப் புதுப்பித்தலும் நிறுத்தப்பட்டிருக்கும். இதற்குச் செலவு எதுவும் ஆகவில்லை. அந்த ஜூலைக் காலை போன்ற ஒன்று மறுபடி வரவில்லை.

ஓர் ஆசிரியர் தனியாகச் செய்ய முடியாத வேலையும் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தின் விஎல்எஸ்ஐ ஆய்வகப் பட்டியல், ஆடரையும் மல்டிபிளையரையும் எச்டிஎல்லில் எழுதி சைலிங்க்ஸ் அல்லது ஆல்டெரா மென்பொருளில் சிமுலேட் செய்யச் சொல்கிறது. ஆல்டெராவை 2015இல் இன்டெல் வாங்கியது. சைலிங்க்ஸ் 2022இல் ஏஎம்டிக்குப் போனது. நிறுவனமே கைமாறிவிடும் உலகில், பாடத்திட்டத்தில் நிற்க வேண்டியது நிறுவனத்தின் பெயரா? "தரப்படுத்தப்பட்ட எச்டிஎல்லில் எழுதி, ஏதேனும் ஒரு சிமுலேட்டரில் சோதித்து, ஏதேனும் ஒரு எஃப்பிஜிஏவில் இயக்கிக் காட்டுக" என்று எழுதினால் போதும். வெளியிலிருந்து வரும் தேர்வாளரும் எந்த மெனு என்று கேட்காமல், இந்தக் கிளாக் விளிம்பில் இந்த வெளியீடு ஏன் மாறியது என்று கேட்பார்.

ஆசிரிய நண்பர்களே, உங்கள் லேப் மேனுவலை எடுத்து அதிலுள்ள மெனுப் பெயர்களையும் பட்டன் பெயர்களையும் பென்சிலால் அடித்துப் பாருங்கள். ஒரு பரிசோதனையில் பாதிக்குமேல் அடிபட்டுப் போனால், அதை இந்த மே மாதமே திருப்பி எழுதுங்கள். பழைய பதிப்புகளின் இன்ஸ்டாலர்களை ஒரு ஹார்டு டிஸ்க்கில் போட்டு, எந்தப் பதிப்பு எந்த போர்டுக்கு என்று சீட்டு ஒட்டி, 7408 டப்பாவுக்குப் பக்கத்தில் வையுங்கள். பாடத்திட்டக் குழுவில் இருப்பவர்கள், அடுத்த திருத்தத்தில் நிறுவனப் பெயர்களை எடுத்துவிடுங்கள்.